தண்டு என்று அவள் சொன்னது

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டரும் அப்படித்தான், தட்டு கழுவுகிறவரும் அப்படித்தான். வீட்டில் மனைவிக்குக் கோபம் வந்தால் அவளும், "ஆமாம், பெரிய மாஸ்டர்!" என்று நொடிப்பாள். ஊரே சப்புக்கொட்டிச் சாப்பிட்டுப் பேர் சொல்கிற சமையல் இல்லை அவருடையது. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, காரம் கூடவே கூடாது, பல்லுக்கு வேலை வைக்கவும் கூடாது. "என் சாப்பாட்டை ஒருத்தர் நல்லா இருக்குன்னு சொன்னா, அவர் தலை இன்னும் தெளியலைன்னு அர்த்தம், டிஸ்சார்ஜ் பண்ணாதீங்க" என்பது அவருடைய பழைய ஜோக். புதிதாக வரும் நர்ஸுகளிடம் ஒவ்வொரு முறையும் புதுசு போலவே சொல்வார்.

மனைவி தையல்காரி. முன்னறை ஜன்னலுக்குக் கீழே மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தாள். எந்நேரமும் சேலையில் எங்காவது ஒரு துண்டு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். படிப்பில் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், அதன் சூடு ஆறுவதற்குள் மகள், மகளுக்கு இருமல், மாமியாருக்கு முட்டுவலி என்று காலம் ஓடிவிட்டது. மகளும் கல்யாணமாகி வேறொரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். வீடு வெறிச்சென்று ஆனது. ஒரு நாள் மாஸ்டர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்:

"நான் சாயங்காலக் காலேஜ்ல சேரப் போறேங்க."

"எதுக்கு?"

"காலேஜ்ல எதுக்குச் சேருவாங்க? படிக்கத்தான்."

"என்ன படிப்பு?"

"தாவரவியல். அதுலதான் இடம் காலியா இருக்காம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, போய்ச் சேர்ந்தும்விட்டாள்.

அவளோடு படித்தவர்கள் எல்லாரும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். ஒரு பஸ் கண்டக்டர், ஒரு வங்கிக் காவலாளி, குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடிவரும் இரண்டு மூன்று பெண்கள். அவர்களில் மூத்தவள் இவள்தான் என்பதால் "அக்கா, அக்கா" என்று சுற்றி வந்தார்கள். அக்காவுக்கு ஒரு பழக்கம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பாடம் மண்டையில் ஏறும். சொல்வதைக் கேட்க எதிரே ஒரு ஆளும் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆள் மாஸ்டர்.

வேலையிடத்தில் அத்தனை அண்டாக்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தாலும், வீட்டுச் சமையலையும் அவர்தான் செய்வார். மனைவி உப்பு போட்டால் அவருக்குப் பிடிக்காது, அவர் உப்பு போடாவிட்டால் அவளுக்குப் பிடிக்காது. வகுப்பில்லாத ஒரு சாயங்காலம் அவர் உருளைக்கிழங்கைக் கையில் எடுத்துத் தோல் சீவப் போகும்போது அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இது என்ன சொல்லுங்க?"

"உருளைக்கிழங்கு. ஏன், உங்க காலேஜ்ல வேற பேர் வச்சுட்டாங்களா?"

"செடியில இது எந்தப் பாகம்?"

"மண்ணுக்குள்ள இருக்கு. வேர்."

"அதான் இல்ல. தண்டு!" பரிசு வாங்கினவள் போல அவள் முகம் மலர்ந்தது. "இந்தக் குழியைப் பாருங்க. கண்ணுன்னு நீங்க தோண்டி எறியறீங்களே, அது கணு. மொட்டு இருக்கிற இடம். மேல புருவம் மாதிரி ஒரு கோடு தெரியுதா? அங்க ஒரு குட்டி இலை இருந்திருக்கு. கணுவும் மொட்டும் இலையும் தண்டுலதானே வரும்? வேர்ல வருமா?"

"அப்ப சக்கரவள்ளி?"

"அது வேர்தான்."

"ரெண்டையும் ஒரே அண்டாவுலதான் போடுறேன். ஒண்ணும் சண்டை போட்டுக்கலையே."

அவள் கிழங்காலேயே அவர் தோளில் செல்லமாக ஒரு குத்து விட்டாள்.

அன்றிலிருந்து அவர் கத்தியை எடுத்தாலே பாடம் தொடங்கிவிடும். இஞ்சி என்பது படுத்தபடியே போகிற தண்டு. வெங்காயத்தில் நாம் தின்பது இலை, அடியில் வேர் முளைக்கிற அந்தத் தட்டையான வில்லை மட்டும்தான் தண்டு. சேப்பங்கிழங்கும் தண்டு. கள்ளிச்செடியில் பச்சையாக, அகலமாக இருப்பது இலை இல்லை. இலையெல்லாம் முள்ளாகச் சுருங்கிவிட்டதால் தண்டே பச்சையாகி, இலை செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்கிறது. கேட்கக் கேட்க மாஸ்டருக்கு வேடிக்கையாக இருக்கும். சில நாள் கேட்பார். பல நாள் அசதியில் "ம்" கொட்டிக்கொண்டே நாளைக்கு எத்தனை லிட்டர் பாலுக்குச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்.

செய்முறைத் தேர்வுக்கு இப்படி உருமாறிய தண்டுகளைத் தாங்களே சேகரித்துக் கொண்டுவர வேண்டும் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். சமையலறை ஜன்னல் திட்டில் ஒவ்வொன்றாகச் சேர ஆரம்பித்தது. முளைவிட்ட உருளைக்கிழங்குகள், பச்சை மூக்கை நீட்டிய இஞ்சி, சேப்பங்கிழங்கு, தகர டப்பாவில் ஒரு கள்ளித்துண்டு, குச்சியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கொடி, தண்ணீர் பாட்டிலில் காகிதப்பூச் செடியின் முள் குச்சி ஒன்று. காய்கறி தீர்ந்துபோன ஒரு நாள் மாஸ்டர் திட்டில் இருந்த கிழங்கு ஒன்றை எடுத்து வேகவைத்துவிட்டார். அவள் வந்து பார்த்தாள். சண்டைகூடப் போடவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று, "பரீட்சைக்குப் படிச்ச கிழங்குங்க அது! உங்க வயித்துக்குள்ள போய் என்னத்தை எழுதப் போகுது?" என்றாள். மறுநாளே அவர் சந்தைக்குப் போய், கடைக்காரர் முறைக்க முறைக்க, முளைவிட்ட கிழங்காகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தார். அப்புறம் அந்தத் திட்டுப் பக்கம் அவர் கை போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. பொடி எழுத்தைப் படிப்பதால்தான் என்று இருவரும் முடிவு செய்தார்கள். "கண்ணாடியை மாத்தும்மா" என்றார் மாஸ்டர். மாற்றினாள். வலி போகவில்லை. "பரீட்சை முடியட்டும், காட்டலாம்" என்றாள். தினமும் டாக்டர்கள் நடுவே புழங்குகிற மனுஷன், ஒருத்தரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு மாலை வகுப்பில், எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜையில் தலை சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக் கண்டக்டர் தொட்டு எழுப்பினார். அவள் எழவில்லை. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது மாஸ்டரின் ஆஸ்பத்திரி. அன்று அவருக்குச் சாயங்கால முறை, கீழே ராத்திரிச் சாப்பாட்டுக்கு சூப் வடிகட்டிக்கொண்டிருந்தார். லிப்ட்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அந்த ஆள் ஒரு நாளும் லிப்டை விட்டு இறங்கி வந்ததில்லை.

"மாஸ்டர், கொஞ்சம் மேல வாங்க. அடுப்பை அணைச்சுட்டு வாங்க."

மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. அவள் கண் திறக்கவில்லை. கடைசி அறையில் படுக்க வைத்து, மூக்கு வழியாகக் குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயில் போகிற கஞ்சியை இத்தனை வருஷமும் மாஸ்டர்தான் காய்ச்சி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். யார் யாருக்கோ போனது இப்போது அவளுக்குப் போனது. எல்லாரும் லீவு போடச் சொன்னார்கள். அவர் போடவில்லை. "உள்ள விடமாட்டாங்க. வெளிய பெஞ்சுல உட்கார்ந்து என்ன பண்ணப் போறேன்? இங்க இருந்தா அவளுக்கு ஒரு வேலையாவது செய்யலாம்" என்றார். ஒரு தடவை துணியில் வடிகட்டினால் போதும். அவர் திரும்பவும் வடிகட்டினார். விரலால் தொட்டுப் பார்த்து, திப்பி தட்டினால் மறுபடியும் வடிகட்டினார். ஓரமாகத் துளி உப்பு போடலாமா என்று கை போய்ப் போய்த் திரும்பியது. உப்பில்லாமல் அவளுக்கு இறங்காதே.

மேலே போய் நர்ஸைக் கேட்பார்: "சிஸ்டர், இன்னிக்குக் கஞ்சி போச்சா?"

"எல்லாம் போச்சு மாஸ்டர். குழாயில கொஞ்சமும் தங்கலை."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வேளை வரைக்கும் ஓட்டுவார்.

சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. எந்தக் கட்டிலுக்கு என்ன சாப்பாடு என்று சாக்பீஸால் எழுதி வைப்பார்கள். வீட்டுக்குப் போகிறவர்கள், இறந்துபோகிறவர்கள் யாரானாலும் வார்டிலிருந்து போன் வரும், எண்ணை அழித்துவிடுவார்கள். ஒரு காலையில் போன் அடித்தது. மாஸ்டர்தான் எடுத்தார். வார்டில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பேசினாள். அவளுக்கு ஆள் யார் என்று தெரியாது.

"அந்தக் கடைசி ரூம் கட்டிலுக்கு இனிமே குழாய்ச் சாப்பாடு அனுப்ப வேண்டாம்."

"சரிம்மா" என்றார் மாஸ்டர். போனை வைத்தார். வழக்கம்போலத் துணியை எடுத்துப் பலகையில் அந்த எண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் என்ன எண் என்று பார்த்தார்.

அப்புறம் வந்த நாட்கள் அவருக்குத் தெளிவாக நினைவில் இல்லை. மகள் வந்தாள், கட்டிப்பிடித்து அழுதாள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதால் திரும்பிப் போக வேண்டியிருந்தது. மாஸ்டரின் அக்கா மட்டும் கூட இருந்தாள். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். தம்பி பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாததைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், அவள் சமையலறையில் புகுந்து என்னவோ செய்தாள். வாசனை முன்னறை வரைக்கும் வந்தது.

"தம்பி, ரெண்டு வாயாவது சாப்பிடுடா. அக்காவுக்காக."

கிழங்குகளைப் போட்டு, இஞ்சி தட்டி, சுடச்சுட ஒரு சூப். காரம், உப்பு எல்லாம் எடுப்பாக. மாஸ்டர் ஒரு வாய் வைத்தார். அத்தனை நாள் மூடிக்கிடந்த பசி ஒரேயடியாகத் திறந்துகொண்டது. தலை நிமிராமல் கிண்ணத்தைக் காலி செய்தார். "இன்னும் இருக்கா அக்கா?" என்று கேட்டு வாங்கி மறுபடியும் சாப்பிட்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டார். "இந்த மழையில எங்க போய்க் காய் வாங்கினே?"

"எங்க போறது? ஜன்னல்ல முளைச்சு வீணாப் போய்க்கிட்டு இருந்துச்சே, அதை எடுத்துப் போட்டேன். முளையெல்லாம் நல்லாக் கிள்ளிட்டேன்டா, பயப்படாதே."

மாஸ்டர் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். திட்டில் கள்ளியும் கொடியும் முள் குச்சியும் மட்டும் இருந்தன. அவர் குப்பை வாளியைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்து, கையை விட்டுத் துழாவினார். அக்கா சீவிய தோல் தடிமன் தடிமனாக, கண்ணோடு வந்திருந்தது. இஞ்சியின் நுனி ஒன்று கிடைத்தது. சேப்பங்கிழங்கின் தலைப்பக்கம் ஒன்று.

"என்னடா தேடுறே? மோதிரம் கீதிரம் விழுந்துடுச்சா?"

"ஒண்ணுமில்ல அக்கா. நீ போய்ப் படு."

அக்காவைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு தோன்றியது. அக்கா செய்தது அவரை வாட்டவில்லை. ருசித்துச் சாப்பிட்டோமே, கேட்டு வாங்கிச் சாப்பிட்டோமே என்பதுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

செய்முறைத் தேர்வுத் தேதியை அவள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்த நாள் வந்ததும் மாஸ்டர் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, ஒரு கூடையோடு கிளம்பினார். அந்தக் காலேஜுக்கு அவர் முன்பு போனதே இல்லை. மாடியில், நீளமான மேஜைகள் போட்ட அறை. அவரைப் பார்த்ததும் கண்டக்டர் எழுந்து நின்றார். ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்தார்கள். பாடம் எடுக்கிற பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"இதெல்லாம் அவ எடுத்து வச்சதும்மா. இன்னிக்குத் தர வேண்டியது."

கள்ளி டப்பாவையும் கொடியையும் முள் குச்சியையும் எடுத்து வைத்தார். ஈரத்துணியைப் பிரித்து, தோல் துண்டுகளையும் இஞ்சி நுனியையும் சேப்பங்கிழங்குத் தலையையும் பக்கத்தில் வைத்தார்.

"இது உருளை. முழுசா இருந்துச்சு. சமைச்சுட்டாங்க."

அந்தப் பெண் தோல் துண்டுகளைக் குனிந்து பார்த்தாள். "ஐயா, மார்க் போட முடியாதே..." என்று தயங்கினாள்.

"மார்க் வேணாம்மா. குறிச்ச நாள்ல கொடுத்தாச்சுன்னு இருந்தாப் போதும்."

அவள் தலையாட்டினாள். அவரைக் கொஞ்சம் பேச வைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, முள் குச்சியைக் கையில் எடுத்தாள். "அவங்க வீட்டுல உங்ககிட்டதான் எல்லாத்தையும் சொல்லிப் பார்ப்பாங்கன்னு சொல்லியிருக்காங்க. இந்த முள்ளைப் பத்தி என்ன சொன்னாங்க?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அந்தச் சாயங்காலம் அப்படியே கண்முன் வந்தது. அவள் ஒரு கையில் ரோஜாக் குச்சி, இன்னொரு கையில் இந்தக் குச்சி வைத்துக்கொண்டு நின்றாள். தோளில் நீல நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ரெண்டும் முள்தான், ஆனால் ஒண்ணு இல்லை என்று ஆரம்பித்து நெடுநேரம் சொன்னாள். கடைசியில் "புரிஞ்சுதா?" என்றாள். அவர் "ம்" என்றார். "என்ன புரிஞ்சுது, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். அவர், "சாப்பாடு ஆறிடும், வா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே குச்சியைப் பாட்டிலில் போட்டாள். எல்லாம் ஞாபகம் இருந்தது. அவள் சொன்னது மட்டும் இல்லை.

"தெரியலைம்மா" என்றார். "சொன்னா. நான்தான் கேட்கலை."

அந்தப் பெண் குச்சியை அவர் பக்கம் திருப்பிப் பிடித்து, அவசரமில்லாமல் சொன்னாள். ரோஜா முள் மேல்தோலில் எழும்புவது, பக்கவாட்டில் அழுத்தினால் பட்டென்று பெயர்ந்து வந்துவிடும். காகிதப்பூச் செடியின் முள் அப்படி இல்லை. இலைக்கும் தண்டுக்கும் நடுவில், மொட்டு வருகிற இடத்திலிருந்து வருவது. கிளையாக வளர வேண்டியது, ஆடு மாடு கடிக்காமல் செடியைக் காக்க முள்ளாகிவிட்டது. அதனால் இதுவும் ஒரு தண்டுதான்.

மாஸ்டர் கடைசி வரை கேட்டார். நன்றாகப் புரிந்தது. ஆனால் அவள் இதை எப்படிச் சொல்லியிருப்பாள், எந்த இடத்தில் கையை ஆட்டியிருப்பாள், நடுவில் அவரை எப்படிக் கேலி செய்திருப்பாள் என்பது அதில் இல்லை. காலிக் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கண்டக்டர் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார்.

கிழங்கு விஷயம் அக்காவின் காதுக்குப் போக வெகுநாள் ஆனது. மாஸ்டர் மகளிடம் மட்டும் சொல்லியிருந்தார், அவள்தான் போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அக்கா அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். வாசலிலேயே அழுகை.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா? என் கையாலேயே அவ வச்சதை அறுத்துப் போட்டிருக்கேனே! பாவி, நான் இனிமே உன் வீட்டு அடுப்பைத் தொட மாட்டேன்."

மாஸ்டர் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அக்கா, அன்னிக்கு நீ சமைக்கலைன்னா நான் எழுந்திருச்சிருக்க மாட்டேன். அவ போனப்புறம் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. அவ சேர்த்து வச்சதுதான் வயித்துக்குள்ள போச்சு. வேற யாருக்கும் போகலையே."

"அப்ப உனக்கு என் மேல வருத்தமே இல்லையா?"

அவர் காலி டம்ளரை அவளிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "இருந்துச்சு" என்றார். "உன் மேல இல்ல."

ஓய்வு பெற்ற பிறகு மாஸ்டர் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். தையல் மெஷினை அக்காவுக்குக் கொடுத்தார். பேத்தி பேசத் தொடங்கிய காலத்திலிருந்து மகளுக்கு அம்மாவைப் பற்றிக் கேட்க நிறைய இருந்தது. அம்மா எதுக்குப் படிக்க ஆசைப்பட்டா, முதல் நாள் காலேஜ் போயிட்டு வந்து என்ன சொன்னா, பயந்தாளா, பட்டம் வாங்கினப்புறம் என்ன செய்யறதா இருந்தா. தெரிந்ததையெல்லாம் அவர் ஒன்று விடாமல் சொன்னார். தெரியாத இடம் வரும்போது எதையும் கற்பனையாகச் சேர்க்க மாட்டார்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்பார். "சொல்லியிருப்பா. நான் கேட்டுக்கலை."